அந்தப் புள்ளியைப் பார்த்துச் சொல்லச் சொன்னவருக்கும், உங்கள் எல்லாருக்கும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பதிவுகள் சேமிப்பாகாமல் விழுந்து கிடந்த நம் இணைய இதழ் மறுபடி எழுந்துவிட்டது. பழைய கதைகள், கட்டுரைகள், வாசகர் கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. புதிதாக எழுதுவதும் ஒழுங்காகச் சேமிப்பாகிறது. நேற்று ராத்திரி, பாதியில் நின்றுபோயிருந்த தொடர்கதையின் அடுத்த அத்தியாயமும் ஏறிவிட்டது. என்ன நடந்தது என்று இங்கே திரும்பவும் எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த நாட்களில் எங்களோடு கண்விழித்தவர்கள், மீதிப் பேர் தினமும் விசாரித்தவர்கள். நன்றி சொல்வதற்கு மட்டும்தான் இந்த மடல். ஆற அமர எழுதலாம் என்று தள்ளிப்போட மனம் வரவில்லை.

பழைய பேக்கப்புகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர்களுக்கு நன்றி. தங்கள் கதையின் மூலப் பிரதியைக் கேட்டவுடன் அனுப்பிய எழுத்தாளர்களுக்கும், மெயிலில் கிடந்த பழைய இதழ்களைத் தோண்டி எடுத்துத் தந்த வாசகர்களுக்கும் நன்றி. உடைந்த சுட்டிகளைப் பட்டியல் போட்டுச் சரிசெய்தவர்கள், டேட்டாபேஸில் கைவைக்கும் முன் இன்னொரு நகல் எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி எங்களைக் காப்பாற்றியவர்கள், நாங்கள் பதில் போட முடியாமல் இருந்தபோது எங்கள் சார்பில் வாசகர்களுக்குப் பதில் சொன்னவர்கள் என்று எத்தனையோ பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவேன். யார் பெயராவது விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில்தான் இங்கே மொத்தமாகச் சொல்கிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. நம் இதழை அவர் ஒரு வரிகூட வாசித்ததில்லை. நம் தளம் ஓடுகிற மென்பொருளான வேர்ட்பிரஸின் சமூகத்தில், ஓய்வு நேரத்தில் பிறருடைய பிளகின்களில் (அதாவது அதோடு சேர்க்கிற கூடுதல் நிரல்களில்) பழுது பார்த்துத் தருகிறவர், அவ்வளவுதான் தெரியும்.

தளம் விழுந்த காரணம் கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவின் தொடக்கத்தை எடுத்துத் தானாகச் சுருக்கம் தயாரிக்கிற ஒரு சின்ன பிளகின் நம் தளத்தில் இருந்தது. அது உரையைப் பைட் கணக்கில், அதாவது கணினி சேமிக்கிற சின்ன அலகுகளின் கணக்கில், வெட்டியது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், அதனால் எங்கே வெட்டினாலும் எழுத்து முழுசாக நிற்கும். எழுத்துகளைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு 3 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தருகிற யூனிகோடில் 5 குறி (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). சேமிக்கும்போது 15 பைட். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் மிஞ்சுவது எழுத்தே இல்லை, சிதைந்த துண்டு. அப்படிச் சிதைந்த உரையை வேர்ட்பிரஸ் டேட்டாபேஸுக்குள் விடாது. விடாதது சரிதான், 2015இலிருந்தே பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்கிறது. ஆனால் சுருக்கம் கெட்டிருந்தால் அதோடு சேர்த்து முழுப் பதிவையும் திருப்பி அனுப்பிவிடும். சில பதிவுகள் சேமித்தன, சில சேமிக்கவில்லை. வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து நடந்த கூத்து அது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கண்டுபிடித்த அன்றே பேட்சும், அதாவது அதைச் சரிசெய்கிற திருத்தமும், எழுதிவிட்டார். பைட்டை எண்ணாமல் யூனிகோடு குறியை எண்ணி வெட்டும்படி மாற்றியிருந்தார். சிதைந்த துண்டு வராது, பதிவு சேமிப்பாகும், கோடைத் தானாகச் சரிபார்க்கிற எல்லா டெஸ்ட்டும் பச்சையில் நிற்கிறது. வேலை முடிந்தது என்று அவர் டிக்கெட்டை, அதாவது அந்தப் பிழைக்கான பதிவை, மூடியிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம், காலில் விழாத குறையாக நன்றி சொல்லியிருப்போம்.

அவர் மூடவில்லை. எனக்கு எழுதினார். நான் இந்த விவகாரத்தில் யார்? கணினிக் கோடு எழுதத் தெரியாத ஓர் ஆசிரியர். தளம் ஏன் விழுந்தது என்று புலம்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். பேட்ச் போட்ட நிலையில் சுருக்கங்கள் எப்படி வருகின்றன என்று வரிசையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெட்டு விழும் இடத்தை ஒரு சின்னச் சிவப்புக் கட்டத்துக்குள் காட்டி அனுப்பியிருந்தார். இந்த எழுத்து தனக்கு வாசிக்க வராது, கணினி சரி என்கிறது, ஆனால் வாசிக்கிறவர் கண்ணுக்குச் சரியாக இருக்கிறதா என்று தனக்குத் தெரிய வழியில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லும் வரை இதைச் சேர்க்க மாட்டேன் என்று எழுதியிருந்தார்.

கூடவே ஒரு சுட்டி. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சுட்டியைத் தட்டினால் பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் திறக்கிறது. அவருடைய பேட்ச் அதில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. எதையும் நிறுவ வேண்டியதில்லை, எதையும் கெடுத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதுமில்லை. எங்கே உரையை ஒட்ட வேண்டும், எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிக்கு ஒரு வேலையாக எழுதித் தந்திருந்தார். அவசரமில்லை, தூங்கிவிட்டுப் பாருங்கள் என்றும் கடைசியில் ஒரு வரி.

பார்த்தேன். முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. ‘வந்தாள்’ என்று முடிய வேண்டிய சுருக்கம் ‘வந்தாள’ என்று நின்றது. புள்ளி இல்லை. இன்னொன்றில் ‘சொன்னான்’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் வெட்டு விழுந்து, கொம்பும் காலும் போய் வெறும் ‘ச’ தொங்கிக்கொண்டிருந்தது. யூனிகோடில் புள்ளி தனிக் குறி, உயிர்க்குறியும் தனிக் குறி. குறியை எண்ணி வெட்டினால் மெய்யிலிருந்து புள்ளி கழன்றுபோகும். கணினிக்கு அதில் எந்தத் தப்பும் தெரியாது, ஏனென்றால் மிஞ்சியிருப்பதும் செல்லுபடியாகும் எழுத்துதான். நமக்கு அது தமிழே இல்லை. சங்கடமாக இருந்தாலும் இதை எழுதி அனுப்பினேன். இவ்வளவு பெரிய உதவி செய்தவரிடம் போய் ஒரு புள்ளியைப் பற்றிக் குறை சொல்கிறோமே என்று கை கூசியது.

அவருக்கு அப்படியொரு சந்தோஷம். இதற்காகத்தான் கேட்டேன் என்றார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. புள்ளி இல்லாமல் போனால் உச்சரிப்பு மட்டும் மாறுமா, பொருளே மாறுமா? வரியின் கடைசியில் பாதிச் சொல் நிற்பது வாசகருக்கு உறுத்துமா, பழகிப்போனதா? நான் தோன்றியதையெல்லாம் எழுதினேன். அவர் ஒவ்வொன்றையும் டிக்கெட்டில் என் பெயர் போட்டுப் பதிந்தார். கடைசியில் எழுத்தை எண்ணி வெட்டும் யோசனையையே தூக்கிப் போட்டுவிட்டு, முழுச் சொற்களாக எண்ணி நிறுத்தும்படி மாற்றினார். அதற்கான ஃபங்ஷன் வேர்ட்பிரஸிலேயே இருக்கிறதாம். இரண்டாவது முறை அனுப்பிய படங்களில் எல்லா வரியும் முழுச் சொல்லோடு நின்றன. சரி, இப்போது சரியாக இருக்கிறது என்று நான் எழுதிய பிறகுதான் அது உள்ளே போனது.

போகும்போது இரண்டு காரியம் செய்தார். நான் எடுத்துக்காட்டாக எழுதிக் கொடுத்திருந்த தமிழ் வாக்கியங்களை அந்த பிளகினின் டெஸ்ட்டுகளில் சேர்த்துவிட்டார். இனிமேல் யார் அதில் எந்த மாற்றம் செய்தாலும் அந்த வாக்கியங்கள் முதலில் ஓடிப் பார்க்கும். ஒரு புள்ளி கழன்றால்கூட டெஸ்ட் சிவப்பாகிவிடும். அடுத்து, அந்த வெளியீட்டின் பங்களிப்பாளர் வரிசையில் என் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டிருந்தார். ஒரு வரி கோடு எழுதாத எனக்கு எதற்கு என்று கேட்டேன். பிழையைப் பார்த்துச் சொல்வதும் பங்களிப்புதான், இங்கே வழக்கமே அப்படித்தான் என்றார். உண்மைதான், பிறகு பார்த்தேன். வேர்ட்பிரஸில் ஒரு மாற்றம் சேரும்போது அதன் குறிப்பிலேயே ‘பிராப்ஸ்’ என்று தொடங்கி, எழுதியவர், புகார் சொன்னவர், சோதித்தவர் என்று எல்லார் பெயரும் வருகிறது. ஒவ்வொரு பெரிய பதிப்பிலும், தளத்தை நடத்துகிற திரையான டாஷ்போர்டுக்குள்ளேயே பங்களித்தவர்கள் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமாக அதே டாஷ்போர்டில் உட்கார்ந்து இதழ் நடத்துகிறேன், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை.

அவர் இப்படி என்னிடம் கேட்டதைப் பெரிய உதவி என்று யாரும் எண்ணமாட்டார்கள். பேட்ச்தான் பெரிய உதவி. ஆனால் அந்த நாட்களில் எங்களுக்கு உதவிய எல்லாரிடமும் நாங்கள் கைநீட்டிக்கொண்டு நின்றோம். அவர் ஒருவர்தான் எங்களிடம் ஒன்று கேட்டார். கேட்டது சும்மா மனம் தேற்றுவதற்காக இல்லை. அது அவருக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. துவண்டு கிடந்த நேரத்தில் அது என்னை எவ்வளவு தூக்கி நிறுத்தியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் வேர்ட்பிரஸ் எப்படிப் பிறந்தது என்று தேடிப் படித்தேன். பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவரிடமிருந்து சத்தமே இல்லாமல் போக, 2003 ஜனவரியில் மேட் மல்லன்வெக் என்ற இளைஞர், அதை எடுத்துத் தொடரலாமா என்று பொதுவில் எழுதினார். மறுநாளே மைக் லிட்டில் என்பவர், நீங்கள் நிஜமாகவே இறங்குவதாக இருந்தால் நானும் வருகிறேன் என்று பதில் போட்டார். அந்த வருஷம் மே 27ஆம் தேதி முதல் பதிப்பு வந்தது. பி2 ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இன்று உலகத்து வலைத்தளங்களில் பத்துக்கு நாலு இதில்தான் ஓடுகின்றன. நம்மைப் போன்ற சின்ன இதழ்கள் காசில்லாமல் இத்தனை காலம் நடந்ததும் இதனால்தான். அந்த உரிமத்தில் இருக்கிற ‘யார் வேண்டுமானாலும்’ என்பதில் நானும் அடக்கம் என்று எனக்கு இதற்கு முன் தோன்றியதே இல்லை. அதெல்லாம் கோடு எழுதுகிறவர்களின் உலகம் என்று நினைத்திருந்தேன். தமிழில் தளம் நடத்துகிற பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது என் ஊகம். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்த கண் இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாத பிழைகள் இருக்கின்றன. அந்தப் புள்ளியை உலகத்தின் எந்தக் கெட்டிக்கார புரோகிராமரும் தனியாகப் பார்த்திருக்க முடியாது.

அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் செய்வேன். அந்த பிளகினின் தமிழாக்கத்தில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. நேற்றே தொடங்கிவிட்டேன். ஒரு வரி மொழிபெயர்த்தால் அது காத்திருப்பு வரிசையில் நிற்கும், அனுமதி பெற்ற தமிழ் எடிட்டர் யாராவது பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் எல்லாருக்கும் போகும். அந்த எடிட்டர்களும் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள்தான், அவர்களுக்கும் இங்கேயே என் நன்றி. வேர்ட்பிரஸின் அடுத்த பெரிய பதிப்பின் பீட்டா, அதாவது முன்னோட்டப் பதிப்பு, வரும்போது நம் இதழின் பழைய கதைகளை ஒரு சோதனைத் தளத்தில் போட்டு, தலைப்பு, சுருக்கம், தேடல், சுட்டி எல்லாவற்றையும் பார்த்து எழுதப் போகிறேன். சுட்டியில் ஏற்கெனவே ஒன்று கண்ணில் பட்டது. தமிழ்த் தலைப்பைச் சுட்டியாக்கும்போது ஒவ்வொரு குறியும் 9 இடம் பிடிக்கிறது, மொத்த இடமோ 200தான். ஆகவே 22 குறிக்கு மேல் போனால் தலைப்பு பாதியில் நின்றுவிடும். நம் தொடர்கதையின் அத்தியாயச் சுட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி வெட்டுப்பட்டு 2, 3 என்று எண் ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். இதைப் பற்றி முன்பே பேசியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுவேன்.

என்னோடு உட்கார்ந்து சோதிக்க யாருக்காவது விருப்பமிருந்தால் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். கோடு தெரிய வேண்டாம். தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், முதல் தடவை நான் கூடவே இருக்கிறேன்.

அன்புடன்,
இதழின் ஆசிரியர்