பூஜ்யத்துக்குக் காது கொடுத்தவர்களுக்கு நன்றி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் எங்கள் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற ஆர்வலர்களின் வானொலித் தொடர்பு) அவசர அழைப்புக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, புதுக்கோட்டைப் பக்கம் மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. அப்படியொரு இரவில் தூங்கும் தன்னார்வலரை எழுப்பியாக வேண்டும். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. குறைத்தால் அழைப்பு கேட்காது. 'லாங் டோன் ஸீரோ' முறை இதற்குத்தான். மைக்கில் 0 பட்டனை அழுத்திப் பிடித்தால் 941, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டும் சேர்ந்து போகும். மூன்று விநாடிக்கு மேல் நீடித்தால் மறுமுனையில் பஸர் அலறும்.

அந்தப் பஸர் பெட்டிகளைக் கூலி வாங்காமல் சால்டர் செய்து தந்த ரேடியோ மெக்கானிக் அண்ணனுக்கு முதல் நன்றி. டோனை அடையாளம் காணும் எம்.டி.8870 சிப், அதற்கு 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு ரிலே, பாகங்கள் கொஞ்சம்தான். ஆனால் பேச்சொலியே சில நேரம் டோன் போல ஏமாற்றும். 330 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டு மூன்று விநாடித் தாமதம் வைத்ததும் பொய் அலாரம் நின்றது. ஒலியை ஸ்பீக்கரிலிருந்து எடுக்காமல், வால்யூம் குமிழுக்கு முன்பே எடுக்கச் சொன்னதும் அவர்தான். இல்லாவிட்டால் சத்தத்தைக் குறைத்த வீட்டில் பஸரும் ஊமையாகியிருக்கும்.

மொட்டை மாடியைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது! தெருவுக்குத் தெரு நீளும் வீடு. முகப்பில் ரேடியோ வைத்தால் மாடி ஆன்டெனாவுக்குக் கேபிள் 30 மீட்டர் ஓடும், ஆர்.ஜி.58 கேபிளில் 20 மீட்டருக்குள்ளேயே பாதி சக்தி போய்விடும். மாடிப்படி ஓரத்து அறையை ஒழித்துக் கொடுத்தீர்கள், 8 மீட்டரில் முடிந்தது. ஆன்டெனா என்பது 49 செ.மீ. நிமிர்ந்த கம்பி, கீழே 45 பாகை சரிவில் 52 செ.மீ. கம்பிகள் நான்கு. சுண்ணாம்புக் காரையில் ஒரு துளைகூடப் போடாமல் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் பிடித்த பட்டறைக்காரருக்கும் நன்றி.

42 ஆம்பியர்-அவர் பேட்டரி தந்தவருக்கு: கேட்கும்போது ரேடியோ எடுப்பது அரை ஆம்பியர். பாதிக்கு மேல் இறக்காவிட்டாலும் 40 மணி நேரம் காவல் இருக்கும்.

ஒத்திகையில் சில பஸர்கள் அடிக்காதபோது பொறுமையாகக் காரணம் தேடிய உரிமம் பெற்ற இளைஞர்களே, உங்கள் குறிப்பு இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. சில கையடக்க ரேடியோக்களில் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் டோன் நொடியில் அறுந்துவிடும். அவை அழைப்புக்கு உதவாது. கேட்கும் ரேடியோவில் பவர் சேவ் (மின்சேமிப்பு வசதி) அணைந்திருக்க வேண்டும். பி.டி.டி.யை (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) அழுத்தி ஒரு விநாடி நிறுத்தி, அப்புறம் 0-வை ஐந்து விநாடி.

ஆச்சி, மாடிச் சாவியை ராத்திரியில் பஸர் பெட்டி மேலேயே வைக்கிறீர்கள். பார்த்தோம். நன்றி.