வரிக் கொப்பியும் கடன் கொப்பியும்: வன்னித் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப் பங்குகளின் அருட்பணிச் சபையினருக்கும், தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைக் கமிட்டிகளுக்கும், தகரக் கொட்டிலிலும் வீட்டு விறாந்தையிலும் ஜெபக்கூட்டம் நடத்துகிற போதகர்மாருக்கும்,

வணக்கம்.

இரணைமடுவுக்குக் கீழே ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கத்தோலிக்கன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன். இரண்டு தவணை எங்கள் கோயிலுக்குப் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். இறையியல் படித்ததில்லை. நான் படித்தது கடன் கொப்பிதான். அந்த 80 பக்கத்துக்குள் ஒரு ஊர் முழுக்க இருக்கும். யார் சம்பளம் எடுத்த அன்றே வந்து கட்டுவார், யார் சம்பளம் வந்ததும் மற்றக் கடைக்குப் போவார், யார் தான் வர வெட்கப்பட்டுப் பிள்ளையை அனுப்புவார், எல்லாம் அதில் தெரியும்.

போன திருவிழாக் காலத்தில், கச்சான் ஆயப் போகிற ஒரு சைவப் பெண் கடைக்கு வந்தார். பழைய பாக்கி இருந்தது. நான் வாய் திறக்க முதலே, "கூலி கிடைச்ச உடன தாறன் அண்ணை. உங்கட ஆள்தான் தரவேணும்" என்றார். யார் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர் எங்கள் திருவிழாவின் பெரிய உபயகாரர் ஒருவருடையது. ஐந்து பெண்களுக்கு, ஆளுக்கு ஏழு நாள் கூலி நிற்கிறதாம். போய்க் கேட்டால், "திருவிழா முடியட்டும், இப்ப கையில காசில்லை" என்றாராம். அந்தப் பெண் கோபப்படவில்லை. "திருவிழா நேரம் வேதக்காரருக்குச் செலவுதானே" என்று எங்களுக்காக அவரே சமாதானமும் சொல்லிவிட்டு, அரைக் கிலோ சீனி கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். அன்று பின்னேரம் நவநாளுக்குப் போனேன். கோயில் வாசலில் பல்ப்மாலைக்கு நடுவில் அதே பெயர் உபயம் என்று மினுங்கிக்கொண்டிருந்தது.

"உங்கட ஆள்" என்ற அந்தச் சொல்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்து, பெந்தகொஸ்தே என்ற பிரிவெல்லாம் எங்களுக்குள்தான். ஒழுங்கைக்கு இறங்கினால் எல்லாரும் வேதக்காரர். பெரும்பான்மையான சனத்தில் ஒருவர் கூலியை அமத்தினால் அவருடைய பெயரைச் சொல்லி ஏசுவார்கள். நாங்கள் சிறு கூட்டம். எங்களில் ஒருவர் அமத்தினால், "வேதக்காரர் அமத்திப்போட்டினம்" என்றுதான் பேச்சு வரும். இது நியாயமா என்று வாதாடிப் பயனில்லை. ஊரின் வாய் அப்படித்தான்.

கூலி பற்றி வேதாகமத்தில் மறைபொருள் ஒன்றும் கிடையாது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது படுமுன் கொடு என்று மோசேயின் சட்டம் நேராகவே சொல்கிறது. வயலை அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை எத்தனை தரம் கேட்டிருப்போம்! கடைசியில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம் கொடுத்த தாராளத்தைப் பற்றித்தான் எல்லாப் பிரசங்கமும். அந்தத் தோட்டக்காரர் மாலையானதும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அன்றைய கூலியை அன்றைக்கே கொடுத்தார் என்பதை யாரும் நின்று சொல்லி நான் கேட்டதில்லை. கச்சான் ஆய்கிறவர்களுக்கு அந்த வசனந்தான் நற்செய்தி.

இனி என்னைப் பற்றி. மற்றவரின் கொப்பியை மட்டும் விரித்துக் காட்டினால் அழகில்லை.

2022 பங்குனியில் 400 கிராம் பால்மா பக்கெற் 790 ரூபாவுக்கு ஏறியது. ஏறப்போகிறது என்ற கதை முதலே அடிபட்டது. பழைய விலைக்கு வாங்கிய இரண்டு பெட்டியை நான் உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அப்போது வந்து பால்மா கேட்டவரும் இதே பெண்தான். இடுப்பில் பிள்ளை. "முடிஞ்சுது தங்கச்சி" என்றேன். மூட்டை முழுதாக மறைக்கவில்லை. பெட்டியின் மூலை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு நான் வாசகம் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. இன்றைக்கும் எனக்குப் பயம் தருவது அதுதான்.

பொருளாளராக இருந்த காலத்துக் கதை இன்னொன்று. திருவிழா வரி கட்டாத குடும்பங்களின் பெயரை மைக்கில் வாசிக்கிற வழக்கம் எங்கள் கோயிலில் இருந்தது. நானும் வாசித்தேன். கணவனைத் தொலைத்துவிட்டு நுண்நிதிக் கடன்காரருக்குக் கிழமைக்கிழமை ஒளித்துத் திரிந்த ஒரு அக்காவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே வருடம் கள்ள மணல் ஓட்டுகிற டிப்பர் முதலாளி ஒருவர் சுரூபத்துக்கு நிறம் பூசக் காசு தந்தார். அந்த டிப்பரின் முன்கண்ணாடியில் 'இயேசுவே ஆண்டவர்' என்று எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் அது வேகம் குறைத்ததை ஒருவரும் கண்டதில்லை. காசு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இரசீது எழுதிக் கொடுத்தேன். வரி கட்டாதவரின் பெயரை வாசிக்க எங்களுக்கு மைக் இருக்கிறது. கூலி கொடுக்காதவரின் பெயர் வரும்போது மட்டும் அது வேலை செய்வதில்லை.

சைவ ஆட்கள் எங்களைப் பற்றி என்ன நல்லதை நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கடையில் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் ஒரு பிரசங்கத்தைச் சொல்லவில்லை. 'கிளி பாதர்' என்று எல்லாரும் கூப்பிட்ட கருணாரட்ணம் அடிகளைச் சொல்வார்கள். 2008 சித்திரை 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை வைத்துவிட்டுத் திரும்பி வருகிற வழியில் கிளைமோர்க் கண்ணிவெடி வைத்துக் கொன்றார்கள். பிரான்சிஸ் ஜோசப் அடிகளைச் சொல்வார்கள். கடைசி வரை சனத்தோடு நின்று, 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனவர். இன்றுவரை தகவல் இல்லை. அப்போது மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகையைச் சொல்வார்கள். 2011 தையில் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால், கச்சேரிக் கணக்கில் வன்னியில் இருந்த 429,059 பேரில் வெளியே வந்தவர்கள் 282,380 பேர் என்றால் மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர் அவர். கடைக்காரனுக்கு அந்தக் கழித்தல் கணக்கு நன்றாகப் பிடிபடும். அதில் வேதம், சைவம் என்று தனித்தனிப் பத்தி இருக்கவில்லை.

கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் பங்கருக்குள்ளும் அந்தப் பத்தி இருக்கவில்லை. ஷெல் விழுந்த நேரம் பக்கத்தில் இருந்த சைவ ஆச்சி "மாதாவே" என்று கத்த, என் மனைவி "பிள்ளையாரப்பா" என்று கத்தினாள். சத்தம் அடங்கின பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நான் கண்டேன். சிரிக்கிற இடமா அது? ஆனாலும் சிரித்தார்கள்.

அந்தச் சாமிமார் சேர்த்து வைத்துவிட்டுப் போன நற்பெயரைத்தான் பதினைந்து வருடத்துக்கு மேலாக நாங்கள் இருந்து தின்கிறோம்.

மன்னார் மாந்தையில் நடந்ததை மறக்க முடியாது. 2019 மார்ச் 3, சிவராத்திரிக்கு முதல் நாள். திருக்கேதீச்சரச் சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் நட்ட வளைவை எங்கள் ஆட்கள் பிடுங்கினார்கள். நந்திக் கொடி காலுக்குக் கீழே போனது. படம் எடுத்தவர்களின் போன் வழியாக அது அன்றிரவே ஊரெல்லாம் வந்துவிட்டது. காணி யாருடையது, வளைவு எதுவரை வரலாம் என்பதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அதில் நான் தலையிடவில்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிற சைவக் குடும்பங்களை நினைத்தேன். அவர்கள் மெழுகுதிரி கொளுத்தும்போது "நீங்கள் யார்" என்று அந்தத் தாய் கேட்டதில்லை. அடுத்த நாள் என் கடைக்கு வந்த கோயில் ஐயர் எப்போதும் போலத் தேங்காய் வாங்கினார், எப்போதும் போல மிச்சக் காசை எண்ணினார். ஆனால் வழக்கமாகக் கதைக்கிற இரண்டு கதையை அன்று கதைக்கவில்லை. மதமாற்றத்துக்கு எதிராகப் படை திரட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வீடியோவைவிட வேறென்ன வேண்டும்? அதை நாங்களே எடுத்துக் கொடுத்தோம்.

போதகர்மாரே, உங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. உதவிச் சாமான் பையோடு கூட்டத்துக்கான அழைப்பையும் சேர்த்துக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். வாங்கின சனம் வெளியே வந்து அதற்கு என்ன பெயர் வைக்கிறது என்று உங்களுக்குக் கேட்பதில்லை, எனக்குக் கேட்கிறது. செத்தவீட்டு விசயம் அதைவிடப் பெரிது. புதிதாகச் சபைக்குப் போன மகன் ஒருவன், தகப்பனுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்று படலைக்கு வெளியே நின்றதை நான் பார்த்தேன். கடைசியில் மருமகன் வைத்தான். அந்தியேட்டி அன்று தாய் இலையில் சோறு போட்டு நீட்ட, "படைச்சது" என்று தள்ளிவிட்டான். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் முன்னே வைத்ததை மனச்சாட்சியின் பெயரால் கேள்வி கேளாமல் சாப்பிடு என்கிறார். படைத்தது என்று சொல்லிவிட்டால் வேறு கதை என்றும் சொல்கிறார், தெரியும். ஆனால் அன்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான். தன்னைப் பெற்றவளிடம்.

இதைச் சொல்ல எங்கள் பக்கம் ஒன்றும் சுத்தமில்லை. 77, 83 கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியைச் சுற்றிக் காடு வெட்டிக் குடியேறிய சனத்தில் எத்தனையோ குடும்பம் எங்கள் பங்குகளிலும் இருக்கிறது. திருவிழாவுக்குப் பந்தல்கால் நட, கிடங்கு வெட்ட, சமைத்த கிடாரம் கழுவ அவர்கள் வேண்டும். சுரூபத்தைத் தோளில் காவுகிற நேரம் வேறு தோள் தேடுவோம். அவர்களைக் குறிக்க எங்கள் வாயில் ஒரு சொல் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன், வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை ஒருநாள் என் மகள் வீட்டில் சொன்னாள். பத்து வயது. எங்கே பழகினாய் என்று கேட்டேன். மறைக்கல்வி வகுப்பில் என்றாள்.

நான் கேட்பது இவ்வளவுதான். நவநாள் ஒன்பது நாளில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நாள் ஒதுக்குகிறோமே, அதற்கு முதல் நாளைக் கூலிக்கும் கடனுக்கும் ஒதுக்குங்கள். குருவானவர் பீடத்தில் நின்று, "வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தாச்சுதோ?" என்று ஒரு தரம் கேட்கட்டும். விளக்கம் வேண்டாம். உபயக் காசு வாங்குகிற பொருளாளர், இரசீதுக் கொப்பியைத் திறக்க முதல் அதே கேள்வியைக் கேட்கட்டும். உபயம் குறையும். குறையட்டும். பல்ப்மாலை இல்லாமலும் பூசை செல்லும். வரி கட்டாதவரின் பெயரை வாசிக்கிற பழக்கத்தை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். சாதாரண தரச் சோதனை நடக்கிற கிழமைகளில் ஒலிபெருக்கியைக் கோயில் மதிலுக்குள் வைத்திருங்கள். இதற்கெல்லாம் ஆயரிடம் அனுமதி எடுக்கத் தேவையில்லை.

போன கிழமை நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஒரு பக்கெற் பால்மா கொண்டுபோனேன். படலையில் நின்று, 2022இல் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. "அவன் இப்ப ரெண்டாம் வகுப்பு அண்ணை. பால் குடிக்கிறேல்ல, பிளேன்ரீதான்" என்றார். நான் பக்கெற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்க, அவர் வாங்கித் திண்ணையில் வைத்தார். பிறகு சொன்னார்:

"அந்த ஏழு நாள் கூலி இன்னும் வரேல்ல. நீங்க ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ அண்ணை. உங்கட ஆள்தானே."

இப்படிக்கு,
இரணைமடுப் பக்கத்துக் கடைக்காரன் ஒருவன்