கருவேல நிழலில் ஒரு கள்ளிக் குஞ்சு

டூசான், அரிசோனா
ஜூன் கடைசி

அன்புள்ள முருகேசா,

நலம். அங்கேயும் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். வந்ததிலிருந்து ஒரு வரி எழுதவில்லை என்று ராஜாமணியிடம் புலம்பினாயாமே. அவன் உடனே போன் போட்டு, "அமெரிக்கா போனதும் அருப்புக்கோட்டை மறந்துபோச்சா?" என்று ஆரம்பித்துவிட்டான். பேத்திக்குக் கோடை விடுமுறை, பகல் முழுக்க என் தலையில்தான் ஆட்டம். மூட்டுவலி தேவலை. காபிதான் சகிக்கவில்லை. சரி, அதை விடு.

எழுத வைத்தது நீ அனுப்பிய படம். கண்மாய்க்குள் ஜேசிபி நிற்க, பிடுங்கிப்போட்ட சீமைக்கருவேலக் குவியல்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, புலியைச் சுட்ட ஜமீன்தார் மாதிரி நீ. இங்கே நான் அந்தக் கருவேலத்தின் பங்காளி ஒருவர் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். உதைக்க வராதே, முழுக்கக் கேள்.

கௌபாய் படங்களில் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே ஒரு கள்ளி, அதுதான் சவாரோ. சோனோரப் பாலைவனத்தின் ராஜா. 40 அடி உயரம் போகும், 150 வருஷம் வாழும். ஊரை ஒட்டியே அதற்கென்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வெயில் ஏறுமுன் மகளோடு அங்கே நடக்கப் போயிருந்தேன். பூங்காவில் தன்னார்வ வேலை பார்க்கும் ஓர் அம்மா, ஒரு மெஸ்கீட் மரத்தடியில் சருகை விலக்கி, "பாருங்கள்" என்றார். மண்ணும் கல்லும்தான் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தால், சுண்டைக்காய் அளவில் ஒரு பச்சை உருண்டை, மேலெல்லாம் வெள்ளை முள். அதுதான் சவாரோக் குஞ்சு. வயது நாலைந்து இருக்கலாம் என்றார். 8 வருஷம் ஆனாலும் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளருமாம். உன் மூத்த மச்சினன் ஞாபகம் வந்தது. சொல்லிவிடாதே.

மெஸ்கீட்டும் உன் சீமைக்கருவேலமும் ஒரே புரோசோபிஸ் வம்சம். அதே முள், அதே நெற்று, அதே திமிர். ஆனால் இது இந்த மண்ணிலேயே பிறந்த மரம். கள்ளிக் குஞ்சுக்குச் செவிலித்தாயே இதுவும், பாலோ வெர்டே என்கிற பச்சைப்பட்டை மரமும்தான்.

கள்ளிக்கு எதற்குத் தாய், அது வறட்சிக்குப் பிறந்ததாயிற்றே என்பாய். பெரியதுக்கு அது சரி. மழை பெய்தால் உடம்பின் மடிப்பு விரிய விரியக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குஞ்சின் உடம்பில் இருப்பதோ சில சொட்டுத் தண்ணீர். உடம்பு சின்னதாக ஆக, உள்ளே கொள்ளும் தண்ணீரைவிட வெளியே காயும் தோல் அதிகம். அதனால் பிறந்ததும் அதற்கு ஒரே வேலை, குண்டாவது. உயரத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அதற்கும் அவகாசம் கொஞ்சம். பழம் ஜூனில் பழுக்கிறது. ஒரு பழத்தில் சுமார் 2,000 விதை. எறும்பும் எலியும் பறவையும் தின்றது போக மிச்சமிருப்பது ஜூலை, ஆகஸ்ட் மழையில் முளைத்தாக வேண்டும். மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஜாதி இல்லை. முளைத்தது குளிர்கால மழையையும் குடித்து, ஏப்ரலில் வறட்சி தொடங்குமுன் சதை பிடித்திருக்க வேண்டும். திறந்த வெளியில் மண்ணின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுகிறது, சுண்டைக்காய் வெந்தேவிடும். பனி உறையும் இரவிலும் மரத்தடிதான் காப்பு. கடைசியில் நடப்பதையும் கேள். வளர்ந்த சவாரோ அந்த மரத்தின் தண்ணீரையே பிடுங்கிக்கொள்ள, பல இடங்களில் செவிலி முதலில் பட்டுப்போகிறது. வளர்த்த கடா மார்பில் பாய்கிற கதைதான்.

வேர் சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மண் காய்ந்ததும் கள்ளியின் வேர் சுருங்குகிறது. வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி விழுகிறது. உடம்பிலிருக்கும் தண்ணீரைக் காய்ந்த மண் திரும்ப உறிஞ்ச வழியில்லை. மழை விழுந்தால் வேர் பருத்து இடைவெளி அடைபடும், புதுச் சல்லிவேர்களும் சட்டென்று ஓடிவிடும். காய்ந்ததும் அந்தச் சல்லியை உதிர்த்துவிடும், வைத்துச் சோறு போடுவதில்லை. துறையில் நாம் போட்ட திட்டம் எதிலாவது இவ்வளவு சிக்கனம் இருந்ததா?

கள்ளிகள் இராத்திரியில்தான் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கும், அது உனக்குத் தெரியும். ஆனால் சப்பாத்திக்கள்ளியில் சில இனங்களின் நாற்று, பிறந்த புதிதில் சாதாரணச் செடி மாதிரிப் பகலில்தான் வாங்குகிறது. வளர வளர இரவுக்கு மாறுகிறது. வறட்சி தட்டினால் அந்த மாற்றம் சீக்கிரமே வந்துவிடுகிறதாம்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், 1990-களுக்குப் பிறகு பிறந்த குஞ்சுகள் பூங்காவில் மிகக் குறைவு. நீண்ட வறட்சிதான் காரணம் என்கிறார்கள். பெரிய கள்ளிகளைப் பார்த்தால் காடு செழிப்பாகத்தான் தெரிகிறது. பக்கத்து ஃபீனிக்ஸில் 2023 ஜூன் 30 முதல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தபோது பெரியவையே சில சாய்ந்தன. இரவும் சூடாக இருந்தால் கள்ளி எப்போது மூச்சு விடும்? பழைய ஆள் ஒருவர், ஃபாரஸ்ட் ஷ்ரீவ், இவ்வூர் டூமமாக் குன்றின் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு 1910-லேயே சவாரோக் குஞ்சு நிலைபெறும் வேகத்தைப் பற்றி எழுதினார். அப்போதே அவருக்கு இந்தக் கவலை.

இப்போது உட்கார்ந்துகொள். வறட்சிக்கு அடுத்த வில்லன் யார் தெரியுமா? நம் கொழுக்கட்டைப்புல். நானும் நீயும் ஊர் ஊராகப் போய் ஆட்டுக்கு நல்லது என்று விதை கொடுத்தோமே, அதேதான். 1930-களில் மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது பாறைச்சரிவெல்லாம் பரவி, குஞ்சுக்குச் சேரவேண்டிய மேல்மண் ஈரத்தைக் குடிக்கிறது. அதைவிட மோசம் தீ. பாலைவனத்தில் செடிக்குச் செடி இடைவெளி இருந்ததால் பெரிய தீ பரவாமல் இருந்தது. அந்த இடைவெளியை இது நிரப்பிவிட்டது. தீப்பட்டால் கள்ளிக்குப் போக்கிடம் இல்லை. அந்த அம்மாவின் குழு கடப்பாரையும் கையுமாகப் பிடுங்குகிறது. நானும் ஒரு ஞாயிறு போனேன். தூரைப் பார்த்ததுமே பெயர் சொல்லிவிட்டேன், பிரமித்துப்போனார்கள். விதை கொடுத்த கதையை மட்டும் சொல்லவில்லை.

கருவேலத்தை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. கண்மாய்க்குள் அதற்கு வேலையில்லை, பிடுங்கு. ஆனால் காலி செய்த இடத்தில் என்ன வைக்கப்போகிறாய்? வெறுமனே விட்டால் ரெண்டு மழையில் திரும்ப வந்து நிற்கும். நாட்டுக்கருவேலமா, புங்கனா? சித்திரை வெயில் வருமுன் ஊன்ற வேண்டும், வைகாசியில் வைத்துவிட்டு வானத்தைப் பார்க்காதே. வடக்குப் புஞ்சையில் கொழுக்கட்டைப்புல் இன்னும் இருந்தால் கதிரோடு ஒரு படம் எடுத்து அனுப்பு, இங்கே காட்ட வேண்டும்.

பிரஷர் மாத்திரையை விடாதே. ராஜாமணி மகன் ஆகஸ்டில் வருகிறான், அவனிடம் கருப்பட்டி கொடுத்துவிடு. சுப்பையா கடைப் பாக்கியை நீ தீர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை, ரசீது அனுப்பு.

அன்புடன்,
சேது