சுவர் என்ன செய்கிறது?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? போனில் நீங்கள் "படிப்பு எப்படிம்மா போகுது?" என்று கேட்பதும், நான் "நல்லாப் போகுதுப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. முதல் ஆறு மாதம் நான் சொன்னது உண்மை இல்லை. இப்போது நிலைமை தேறியிருக்கிறது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

இங்கே கல்லூரியில் பாடம் ஓடுகிற வேகம் வேறு. பள்ளியில் ஒரு மாதம் எடுத்த கணக்கு இங்கே ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வாரம் தவறாமல் வீட்டுக் கணக்கு உண்டு. செய்யவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், மார்க் மட்டும் குறையும். கேட்க ஆள் இல்லாமல் படிப்பது எனக்குப் பழக நாளாயிற்று.

முதல் பரீட்சையில் ஒரு பாடத்தில் 100க்கு 41 வாங்கினேன் அப்பா. நிலையியல் என்று பெயர். அசையாமல் நிற்கும் ஒரு பொருளின் மேல் எந்தெந்த விசை எவ்வளவு வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் பாடம். சூத்திரம் அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் கேள்வித்தாளில் இருந்த கணக்கு எதையும் நான் முன்னே பார்த்ததில்லை. அன்று ராத்திரி அறையில் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குப் போன் செய்ய எடுத்து, வைத்துவிட்டேன்.

மறுவாரம் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்கவென்றே அவர் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார். அது தெரிந்தும் மூன்று மாதமாக நான் போகவில்லை, கேட்டால் மட்டமாக நினைப்பாரோ என்ற பயம். அவர் என் விடைத்தாளைத் திருப்பினார். ஒரு முனை சுவரில் பதிந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் உத்தரம். கேன்டிலீவர் என்பார்கள். அதை மட்டும் தனியாகப் பிரித்து வரைந்து, அதைத் தொடும் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். ஃப்ரீ பாடி டயகிராம் என்று இதற்குப் பெயர், இந்தப் பாடத்துக்கே இதுதான் அஸ்திவாரம். நான் சுவர் உத்தரத்தை மேல்நோக்கித் தாங்குவதாக ஒரே ஓர் அம்பு போட்டிருந்தேன்.

"சுவர் வேறு என்ன செய்கிறது?" என்று கேட்டார்.

எனக்கு உடனே உங்கள் சத்தம் காதில் கேட்டது. நீங்கள் கட்டட வேலை பார்த்த இடத்தில், ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் சன்ஷேடு போட்டபின், அதன்மேல் சுவர் எழும்பும் முன்னே ஒருவர் கீழே கொடுத்த முட்டு எடுக்கப் போனபோது நீங்கள் கத்தினீர்களே, "மேல சுவர் எழும்பாம முட்டு எடுத்தா அப்படியே கவிழ்ந்து வந்துடும்டா!" என்று. ஆமாம், சுவர் தாங்க மட்டும் செய்யவில்லை. கவிழாமல் பிடித்தும் வைக்கிறது. அந்தத் திருப்பத்தைத் தடுக்கும் பிடிப்பைத்தான் நான் படத்தில் விட்டுவிட்டேன். அதைச் சொன்னதும் அவர் பேனாவை என் கையில் கொடுத்து, "அப்படியானால் வரை" என்றார்.

அதற்கப்புறம் எந்தக் கணக்கையும் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. முதலில் படம், அப்புறம்தான் எண். இன்னொன்றும் விளங்கியது. சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் இருக்கணும், மிதித்துக் கீழே இறக்கிடாதே என்று எல்லோரையும் திட்டுவீர்களே. பாரத்தில் அது முன்பக்கம் தொங்கப் பார்க்கும்போது மேல்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் இழுவிசையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால் இழுபடும் பக்கத்தில் கம்பி. இதை நான் நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வகம்தான் இப்போது எனக்குப் பிடித்த இடம். 15 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கான்கிரீட் உருளைகளை நாங்களே வார்த்தோம். ஒரு கலவையில் அளவான தண்ணீர், இன்னொன்றில் வேண்டுமென்றே கூடுதல் தண்ணீர். 28 நாள் ஊறவைத்து, எந்திரத்தில் வைத்து அமுக்கினோம். முள் மெல்ல ஏறிக்கொண்டே போகும், ஒன்றுமே நடக்காது. அப்புறம் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கீறல், அடுத்த நொடியில் பட்டென்று ஒரு சத்தம், முள் சரிந்துவிடும். தண்ணீர் கூடிய உருளை மற்றதில் முக்கால் பங்கு பாரத்துக்குக்கூட நிற்கவில்லை. சிமெண்டோடு சேர்ந்தது போக மிச்சத் தண்ணீர் உள்ளே நுண்ணிய ஓட்டைகளாகத் தங்கிவிடுகிறதாம். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை அப்பா, சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. தளத்தில் நீங்கள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அதற்குத்தான்.

அலகு எழுதாத விடைக்கு இங்கே மார்க் வெட்டுவார்கள். அநியாயம் என்று நினைத்திருந்தேன். 1999இல் செவ்வாய்க்குப் போன ஒரு நாசா விண்கலம், ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கிலும் இன்னொன்று நியூட்டன் கணக்கிலும் இருந்ததால் தொலைந்துபோனது என்று கேட்டபிறகு அப்படி நினைப்பதில்லை.

இப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து படிக்கிறோம். தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, சிக்கிய கணக்கை மட்டும் உட்கார்ந்து பேசுவோம். கடைசிப் பரீட்சையில் நிலையியலில் 78. இன்னும் ஏற வேண்டும், ஏறுவேன்.

ஒரு விஷயம் கேட்கணும். மழை பெய்த மறுநாள் கலவைக்கு மணலை ஒரு சட்டி கூடப் போடச் சொல்லிவிட்டு, தண்ணீரைக் குறைப்பீர்கள். ஈர மணல் உப்பிவிடும், சட்டியில் அளந்தால் மணல் குறைவாகவே வரும் என்று போன வாரம் படித்தோம். நாங்கள் மணலை உலர்த்தி, எடை போட்டு ஈரத்தைக் கணக்கிடுகிறோம். நீங்கள் ஒரு பிடி அள்ளி, அழுத்தி, கையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவீர்கள். கையில் எதைப் பார்க்கிறீர்கள்? உருண்டை நிற்கிறதா, விரலில் ஈரம் ஒட்டுகிறதா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், அம்மாவிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்