எது பிரிட்டிஷ் படம்? மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், கொஞ்ச நாளைக்குக் குனிந்து கோலம் போட வேண்டாம், நான் சொன்னேன் என்று சொல்லு, என் பேச்சைக் கேட்பார். இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் படிக்க மான்செஸ்டர் போய்விட்டான். சின்னவள் பள்ளியில் நாடகம், பாட்டு என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துகொண்டே இருக்கிறாள். இவருக்கு ஏர்போர்ட்டில் மறுபடியும் இரவு ஷிஃப்ட்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உலக சினிமா பாடத்தில் பிரிட்டன் பகுதி உன் தலையில் விழுந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். பிள்ளைகள் ஜேம்ஸ் பாண்ட், ஹாரி பாட்டர் என்று சொன்னார்கள், ஒரு பெண் மட்டும் எழுந்து "மிஸ், அமெரிக்கப் பணத்தில் எடுத்த படம் எப்படிப் பிரிட்டிஷ் படமாகும்?" என்று கேட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. இந்த நாட்டில் அரசாங்கம் முதல் இயக்குநர்கள் வரை எல்லோரும் பல வருஷமாக அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீஸுக்கு சினிமா கம்பெனிகளின் வரிச்சலுகை ஃபைல்களும் வருவதால் எனக்கும் இது தினசரி விஷயம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார். இங்கே ஒரு படம் பிரிட்டிஷ் படமா இல்லையா என்று முடிவுசெய்ய ஒரு மதிப்பெண் பட்டியலே இருக்கிறது, பரீட்சை மாதிரி. மொத்தம் 35, அதில் 18 எடுத்தால் பாஸ். கதை இங்கே நடந்தால் 4, முக்கியப் பாத்திரங்கள் இங்கத்திய ஆட்கள் என்றால் 4, கதைக்கருவோ மூலநூலோ இங்கத்தியது என்றால் 4, வசனம் ஆங்கிலத்தில் இருந்தால் 6. இந்த நாட்டின் படைப்புத்திறனையோ பாரம்பரியத்தையோ பலதரப்பட்ட மக்களையோ காட்டினால் 4 வரை. படப்பிடிப்பு, கிராஃபிக்ஸ், இசைப்பதிவு போன்ற வேலைகள் இங்கே நடந்தால் 5 வரை. இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர், நடிகர்கள் என்று ஆட்களுக்கு 8 வரை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பார்த்துச் சொன்ன பிறகு சான்றிதழ் வரும், அது வந்தால்தான் வரிச்சலுகை.

இந்த மாதிரிப் பட்டியலில் 'கிராவிட்டி' பிரிட்டிஷ் படம். விண்வெளியில் நடக்கிற கதை, மெக்சிகோ இயக்குநர், நடிப்பது சாண்ட்ரா புல்லக்கும் ஜார்ஜ் குளூனியும், பணம் வார்னர் பிரதர்ஸுடையது. ஆனால் படமெடுத்தது லண்டனுக்கு வெளியே ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில், கிராஃபிக்ஸ் செய்தது லண்டன் ஃபிரேம்ஸ்டோர் கம்பெனி, தயாரிப்பாளர் டேவிட் ஹேமன், இசை ஸ்டீவன் பிரைஸ், இரண்டு பேரும் இந்த ஊர்க்காரர்கள். 2014-இல் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் அகாடமி) விருதும் அதற்கே போனது. நிறையப் பேர் அப்போது கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படத்தால் இங்கே எத்தனையோ பேருக்குச் சம்பளம் வந்திருக்கிறது, தொழில்திறமை வளர்ந்திருக்கிறது. ஹாரி பாட்டர் படங்கள் எட்டும் அப்படித்தான், லீவ்ஸ்டனில் பழைய விமானத் தொழிற்சாலை இருந்த இடத்தில் எடுத்தவை, நடிகர்களும் கதையும் இந்த ஊர், லாபம் மட்டும் கடல் தாண்டிப் போனது. ஆனால் அந்தச் சான்றிதழைப் பார்த்தால் வேலை எங்கே நடந்தது என்பதுதான் தெரியும். படத்துக்குள் எந்த ஊர் உயிரோடு இருக்கிறது என்பது தெரியாது.

என் கட்சி இதுதான் மல்லி, உன் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லு: உலகம் முழுக்க ஓடிச் சம்பாதித்த பிரிட்டிஷ் படங்களில் எனக்குப் பிடித்தவை எல்லாம், 'உலகத்துக்குப் பிடிக்க வேண்டும்' என்று ஊரை மழுப்பாமல் எடுத்த படங்கள்.

நான் இருக்கிற, லண்டனில் ஹீத்ரோ ஏர்போர்ட் பக்கத்து ஹவுன்ஸ்லோவையே எடுத்துக்கொள். 2002-இல் வந்த 'பெண்ட் இட் லைக் பெக்ஹாம்' இந்த ஊர்க் கதை. இயக்கிய குரிந்தர் சத்தா பக்கத்து ஊரான சவுத்ஹாலில் வளர்ந்தவர், அதனால் தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டே இருப்பது முதல் எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. கால்பந்து ஆட ஆசைப்படுகிற பஞ்சாபிப் பெண், அவளுக்கு முழுச் சமையலும் கற்றுக்கொடுத்தே தீருவேன் என்கிற அம்மா. என்னை உலுக்கியது அந்த அப்பா பாத்திரம். ஹீத்ரோவில் வேலை பார்க்கிற சீக்கியர், அனுபம் கேர் நடித்திருக்கிறார். நைரோபியில் வேகப்பந்து வீசியவர், இங்கே வந்ததும் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்து கிளப்பில் சேர்க்காமல் அனுப்பிவிட்டார்கள், அன்றைக்கு விட்ட ஆட்டத்தை வருஷக்கணக்கில் தொடவே இல்லை. பெண்ணை ஆட விடாததற்கு அவருக்கு இருந்தது கட்டுப்பெட்டித்தனம் இல்லை, தனக்கு நடந்தது இவளுக்கும் நடக்கக்கூடாதே என்கிற பயம். கடைசியில் அவர் அதை வாய்விட்டுச் சொல்லி மகளைப் போக விடுகிற இடத்தில், ஏர்போர்ட் யூனிஃபார்ம் போட்ட எத்தனையோ அப்பாக்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். பிரிட்டன் என்றால் கோட்டையும் ராணியும்தான் என்று நினைக்கிற ஆளுக்கு, இதுவும் பிரிட்டன்தான் என்று அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். சின்ன பட்ஜெட் படம், உலகம் முழுக்க 7 கோடி டாலருக்கு மேல் வசூல். 2010-இல் வடகொரியத் தொலைக்காட்சியில்கூடப் போட்டார்கள்.

அடுத்தது 'ஃபுல் மான்டி', 1997. இதைக் கட்டாயம் வகுப்பில் பேசு. ஷெஃபீல்டில் உருக்காலைகள் மூடி வேலை போன ஆண்கள், வேறு வழியில்லாமல் மேடையேறி உடை களைந்து ஆடிக் காசு பார்க்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். கதையைச் சொன்னால் மலிவாகத் தெரியும், படத்தில் ஒரு இடத்திலும் மலிவு இல்லை. ஆரம்பத்தில் எழுபதுகளில் எடுத்த ஒரு பழைய விளம்பரப் படத்தைக் காட்டுவார்கள், உருக்கு, கடைத்தெரு, கிளப், ஷெஃபீல்டு எவ்வளவு செழிப்பான நகரம் பார் என்று. அதற்கு அடுத்த காட்சியில் அதே ஊரில் மூடிக் கிடக்கிற ஆலைக்குள் புகுந்து பழைய இரும்பைத் திருடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் அந்த வேலையில்லாதோர் உதவிப்பணத்துக்கு நிற்கிற வரிசை. ரேடியோவில் டோனா சம்மர் பாட்டு வரும், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது, ஆனால் ஒத்திகை பார்த்துப் பார்த்துப் பழகிய உடம்பு தானாக அசையும், தோள், இடுப்பு, கால் என்று ஒவ்வொருவராக. ஒரு வசனம் கிடையாது. ஆலையில் கௌரவமாக நின்றவர்கள், இன்றைக்கு வரிசையில் நிற்கிறார்கள், அந்த உடம்புக்குள் இன்னும் உயிர் மிச்சம் இருக்கிறது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன இன்னொரு காட்சி எனக்குத் தெரியவில்லை. ஷெஃபீல்டு பேச்சுவழக்கு லண்டன்காரர்களுக்கே கொஞ்சம் உரசும், அதை மாற்றவில்லை. செலவு சுமார் 35 லட்சம் டாலர், வசூல் 25 கோடி டாலருக்கு மேல்.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. 1981-இல் ஹ்யூ ஹட்சன் இயக்கிய 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' சிறந்த படம் உட்பட நாலு ஆஸ்கர் வாங்கியது. ஓட்டப்பந்தயக் கதை, கேம்பிரிட்ஜ், யூத மாணவன், ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்கிற ஸ்காட்லாந்துக் கிறிஸ்தவன், இதைவிட உள்ளூர் விஷயம் இருக்க முடியாது. பரிசு வாங்கும்போது எழுத்தாளர் காலின் வெல்லண்ட் "பிரிட்டிஷ்காரர்கள் வருகிறார்கள்!" என்று மேடையிலேயே முழங்கினார். அதே ஹட்சன் 1985-இல், கோல்ட்கிரெஸ்ட் கம்பெனிக்கு, அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்து, அல் பசினோவைப் போட்டு, அமெரிக்கப் புரட்சியைப் பற்றி 'ரெவல்யூஷன்' எடுத்தார். அமெரிக்காவிலேயே ஓடவில்லை. 'காந்தி' படத்துக்குத் துணை நின்ற கோல்ட்கிரெஸ்ட் அந்த அடியிலிருந்து எழுந்து வரவே இல்லை. அந்தக் கம்பெனி அமெரிக்காவுக்கு அமெரிக்கக் கதையைச் சொல்லப் போனபோது கையில் இருந்த பலத்தை விட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்' மாதிரிப் படங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல படம்தான், 30 லட்சம் பவுண்டுக்குள் எடுத்து 24 கோடி டாலர் பார்த்த படம். ஆனால் அந்தத் தேவாலயம், தொப்பி, தயங்கித் தயங்கிப் பேசுகிற ஹ்யூ கிராண்ட் எல்லாம் வெளிநாட்டுக்காரர் மனதில் ஏற்கெனவே இருக்கிற இங்கிலாந்து. அதை விற்பது கொஞ்சம் சுலபம். ஷெஃபீல்டை விற்பது கஷ்டம், அதனால்தான் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

ஊர்ப்பற்றோடு எடுத்தால் போதும், பணம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எடுத்த எத்தனையோ நல்ல படங்கள் இங்கே ஒரு வாரம் ஓடிக் காணாமல் போகின்றன. தியேட்டரும் விளம்பரமும் யார் கையில் என்பதுதான் விஷயம். 'ஃபுல் மான்டி'க்குப் பணம் போட்டு உலகம் முழுக்க விட்டது ஃபாக்ஸ் சர்ச்லைட், அமெரிக்கக் கம்பெனி. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் படம் இவ்வளவு தூரம் போயிருக்காது, அதே காரணத்தால் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியும் இங்கே தங்கவில்லை. உன் மாணவி கேட்ட கேள்வியின் வலி இருக்கிற இடம் இதுதான்.

'தி கிங்ஸ் ஸ்பீச்' கதை இன்னும் மோசம். திக்குவாயால் அவதிப்பட்ட அரசரைப் பற்றிய படம், எழுதிய டேவிட் சைட்லரே சின்ன வயதில் திக்கியவர், அந்த அரசரின் மனைவியான ராணியம்மா தன் காலத்துக்குப் பிறகு எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டதால் வருஷக்கணக்கில் காத்திருந்து எழுதினார். அதில் அரசாங்க அமைப்பான யூகே ஃபிலிம் கவுன்சில் 10 லட்சம் பவுண்டு போட்டிருந்தது. 2010 ஜூலையில் அந்தக் கவுன்சிலை மூடப்போவதாக அரசு அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் படம் நாலு ஆஸ்கர் வாங்கியது, உலக வசூல் 40 கோடி டாலரைத் தாண்டியது. மார்ச் கடைசியில் கவுன்சில் மூடியேவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதற்கு அடுத்த ஜனவரியில் பிரதமர் டேவிட் கேமரன் பைன்வுட் ஸ்டுடியோவுக்குப் போனபோது, பொதுப்பணம் வியாபாரத்தில் ஜெயிக்கிற படங்களுக்குப் போக வேண்டும் என்கிற கருத்தை முன்வைத்தார். இயக்குநர் கென் லோச் அதை எதிர்த்தார். நான் லோச் பக்கம். எது ஜெயிக்கும் என்று எடுப்பதற்கு முன்னால் எந்த அமைச்சருக்குத் தெரியும்? வேலையில்லாதவர்கள் உடை களைகிற கதையையோ, அரசர் திக்குகிற கதையையோ காகிதத்தில் பார்த்து யாராவது 'கோடிகள் வரும்' என்று எழுதிக் கொடுத்திருப்பார்களா? லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' 2016-இல் கான் விழாவின் மிகப் பெரிய விருதான தங்கப்பனையை வாங்கியது. நியூகாஸில் உணவு வங்கியில், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்த தாய், பசி பொறுக்காமல் டப்பாவைத் திறந்து கையாலேயே அள்ளி வாயில் போடுகிறாளே, அந்தக் காட்சிக்குப் பிறகு நாடாளுமன்றம் வரை பேச்சு அடிபட்டது. அந்தப் படத்திலும் பிரான்ஸ், பெல்ஜியம் பணம் கலந்திருக்கிறது.

நல்லதும் நடக்கிறது. 2024-இல் ஒன்றரைக் கோடி பவுண்டுக்குள் எடுக்கிற படங்களுக்கு 53 சதவீத வரிச்சலுகை அறிவித்தார்கள், எழுத்தாளரோ இயக்குநரோ இந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பது மாதிரி நிபந்தனைகளோடு. பெரிய ஸ்டுடியோக்கள் பக்கமே சாய்ந்திருந்த தராசு சின்னப் படங்கள் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தியேட்டர் கிடைப்பதற்கு இன்னும் யாரும் வழி சொல்லவில்லை.

'ஸ்லம்டாக் மில்லியனர்' பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். மும்பைக் கதை, ஒரு பகுதி இந்தி, ஆனால் இயக்கிய டேனி பாயல், எழுதிய சைமன் பியூஃபாய், பணம் போட்ட ஃபிலிம் ஃபோர், நடித்த தேவ் படேல் எல்லாம் இங்கிருந்து. பியூஃபாய்தான் 'ஃபுல் மான்டி'யையும் எழுதியவர், காசில்லாதவர்களைப் பரிதாபப் பொருளாக்காமல் எழுதுகிற கை இரண்டிலும் தெரியும். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கியது உன் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அவரோடு 'ஓ சாயா' பாட்டில் சேர்ந்த மாயா அருள்பிரகாசத்தைப் பற்றிச் சொல்லு. எங்கள் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சின்ன வயதைக் கழித்து, போரால் திரும்பவும் லண்டன் வந்து சேர்ந்த தமிழ்ப் பெண். அந்தப் பாட்டும் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நான் 'ஸ்லம்டாக்'கை பிரிட்டிஷ் படம் என்றுதான் சொல்வேன். பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இன்றைய லண்டனில் சேர்ந்து வேலை செய்கிற விதம் அதில் இருக்கிறது. ஆனால் நம் ஆட்களில் பலர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தாராவியை வைத்து வெள்ளைக்காரன் காசு பார்த்தான் என்பார்கள். அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது, வகுப்பில் இரண்டு பக்கமும் பேசட்டும்.

முதல் வகுப்புக்கு 'ஃபுல் மான்டி'யின் அந்த வரிசைக் காட்சியைப் போடு, வசனம் இல்லாததால் மொழி தடையாக இருக்காது. இரண்டாவதாக 'பெண்ட் இட்' முழுதும். லோச்சைக் கடைசியில் வை. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது.

தம்பி கல்யாணத்துக்குத் தேதி குறித்ததும் உடனே சொல்லு, இங்கே மார்ச் கடைசிவரை கணக்கு முடிக்கிற வேலை இருக்கும், அதற்குப் பிறகு என்றால் நான் பிள்ளைகளோடு வந்துவிடுவேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி
சாந்தி