மகளுக்கு, முதுநகரிலிருந்து

கடலூர் முதுநகர்

அன்பு மகளுக்கு,

"இதெல்லாம் காலேஜில் சொல்லித் தர மாட்டாங்கம்மா" என்று உங்கள் ஆலையின் மூத்த ஆபரேட்டர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது உன்னை வருத்தியிருப்பது, நீ போனில் பேசிய குரலிலேயே தெரிந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சிப்காட்டில் நான் ஃபிட்டராக இருந்த ஆலையில், பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தால், பழகிய ஆபரேட்டர் பிரஷர் கேஜைக்கூடப் பார்க்காமல், திரவத்தை உறிஞ்சும் சக்ஷன் பக்கத்து ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைத்திருக்கும் என்று ஸ்பேனரோடு கிளம்பிவிடுவார். பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். ஆனால் ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருந்தும் சத்தம் நிற்காத நாளில் அவருக்குக் கை ஓடாது. திரவத்தின் சூடு ஏறினால் அதன் ஆவியழுத்தமும், அதாவது ஆவியாக மாறத் துடிக்கும் வேகமும், ஏறும், அப்போது சக்ஷனிலேயே குமிழி கட்டி, அது பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் உடைந்து உலோகத்தையே அரிக்கும் என்பதைப் படித்தவர்தான், டேங்கின் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்வார்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. கழிவுத் தொட்டியில் இறங்குவதற்குமுன் முகர்ந்து பார்த்து, "வாடை இல்லை, இறங்கலாம்" என்று சொல்லும் அனுபவசாலிகள் எல்லா ஆலையிலும் உண்டு. அங்கே தேங்கும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் சற்று நேரத்தில் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் மூக்கு இதைக் கற்றுக்கொள்ளாது. அனுபவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு படிப்பைக் கேலி செய்பவர்களிடம் எனக்குள்ள கோபம் இதனால்தான். (டிகிரியைக் காட்டி ஃபிட்டரின் பேச்சைக் காதில் வாங்காத அதிகாரிகள்மீதும் அதே கோபம் உண்டு.)

ஆகவே அந்த ஆபரேட்டரிடம் நீயே போய், அண்ணா என்று கூப்பிட்டு, எந்த வால்வு இறுகும், மழைக்காலத்தில் எந்த மோட்டார் தகராறு செய்யும் என்று கேட்டு, அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொள். கௌரவம் பார்க்காதே. பம்பு விஷயத்தில் அவர் சொல்வதை முதலில் செய்துபார்த்துவிட்டுப் பிறகு உன் கணக்கைச் சொல். ஆனால் தொட்டியில் இறங்கும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவது நீயாக இருந்தால், ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ வாயு மீட்டர் அலாரம் அடித்தாலோ, அவர் சொன்னாலும், உற்பத்தி நின்றாலும், மேனேஜரே வந்து நின்றாலும் போடாதே.

அன்புடன்,
அப்பா