கோமதிக்கு ஒரு கடிதம்

விழுப்புரம்

அன்புள்ள கோமதி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்று மாதமாகக் கால் புண்ணோடு பட்ட பாடு, இப்போது ஆறிவிட்டது. சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். பேத்தி உன் கை முறுக்கைக் கேட்கிறாள்.

தைப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிருந்தோம். கிரிவலம் 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடந்தேன். பாதி வழியிலேயே தங்கை, கல் குத்துகிறது என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. 68 வயதில் இப்படி நடக்கிறோமே என்று அத்தனை பூரிப்பு. மறுநாள் சாயங்காலம் கூடத்து வெள்ளை மொசைக் தரையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. குங்குமம் கொட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பினால் நான் நடந்த இடமெல்லாம் புள்ளி. வலது பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து தோல் பிய்ந்து தொங்கியது, கோமதி. வலி துளிகூட இல்லை.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழையால் பாதத்தைத் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கள் என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "ஆறு தடவை தொட்டுவிட்டேன்மா" என்றபோது அழுகை வந்துவிட்டது. 18 வருடச் சர்க்கரை, பாத நரம்பை எனக்குத் தெரியாமலே மரக்க வைத்திருக்கிறது. தங்கையின் பாதம் நன்றாக இருந்தது, அதனால் குத்தியது. குத்தாததை நான் பலம் என்று நினைத்திருக்கிறேன்.

ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றுவிட்டார். நடை நின்றது, புண்ணும் சேர்ந்துகொண்டது, சாப்பிட்ட பின் 170 இருந்த சர்க்கரை 260க்குப் போனது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். அது சும்மா கிடந்தால் சர்க்கரை எங்கே போகும்? புண் ஆறி எழுந்தபோது தொடை இளைத்து, கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அதற்கு மட்டும் நான் பயந்த பயம்!

அப்புறம்தான் இந்த நாற்காலிப் பயிற்சி. சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எழுந்து உட்கார வேண்டும். முதல் வாரம் நாலு தடவைக்கே மூச்சு வாங்கியது. இப்போது பன்னிரண்டு. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு செருப்புப் போட்டுக்கொண்டு மாடியில் பத்து நிமிடம் நடக்கிறேன். சர்க்கரை மறுபடி 180க்குள் வந்துவிட்டது. நேற்று தரையில் உட்கார்ந்து பூத்தொடுத்துவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். உடனே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முட்டி வலி என்று நடையையே விட்டுவிட்டதாக எழுதியிருந்தாயே, அது சரியில்லை. உன் நடைக்குப் பி.டி. மாஸ்டர் வைத்த பேர் இருக்கிறதே, அந்த வாத்து நடையாவது நட. நடக்க முடியாத நாளில் உட்கார்ந்தபடி அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்கு. நீ இன்சுலின் போடுகிறவள், வெறும் வயிற்றில் கிளம்பாதே. முந்தானையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையை முடிந்துகொள். சர்க்கரை ரொம்ப இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் நின்று வாயில் போட்டுக்கொள், வீடு போய்ப் பார்க்கலாம் என்று நடக்காதே.

ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார். குனிய முடியாவிட்டால் கீழே கண்ணாடியை வைத்துப் பார், விரல் இடுக்கையும் சேர்த்து. வலிக்கவில்லையே என்று மட்டும் விட்டுவிடாதே. வீட்டுக்குள்ளும் செருப்பு போடு. மாமியார் காலத்துப் பழக்கத்தையெல்லாம் இப்போது பார்க்க வேண்டாம்.

இங்கே எம்.சி.ஆர். செருப்பு, அதுதான் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, நன்றாகத் தைத்துத் தருகிறார்கள். ஒரு தாளில் நின்று, இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. சித்திரையில் வரும்போது உனக்கும் ஒரு ஜோடி கொண்டுவருகிறேன்.

உன்,
லட்சுமி